லப்டொப்புக்கும் டெஸ்க்டொப்புக்கும் இடையே பெருந்தொகை டேட்டா: கிளிநொச்சிக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ9 வீதிக்குக் கிட்ட, கொம்பியூட்டர் திருத்தும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். கலியாண மாதம் வந்தால் ஸ்டூடியோப் பிள்ளைகள்தான் முக்கால்வாசி வாடிக்கையாளர். இரண்டு கமெரா, ஒரு ட்ரோன், இரண்டு நாள் நிகழ்ச்சி என்றால் 400 ஜிபி சாதாரணமாக வந்துவிடும். படம் பிடித்த வீட்டிலேயே லப்டொப்பில் இறக்கிவிடுவார்கள். எடிட் பண்ணுவது கடையில் இருக்கும் டெஸ்க்டொப்பில். நடுவில் அந்த 400 ஜிபியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடு. புது டெஸ்க்டொப் வாங்கிய ஆசிரியரும், கம்பஸ் முடித்து வந்த பிள்ளையும், சங்கக் கடைக் கணக்கை மாற்ற வந்தவரும் கேட்பதும் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் நோகிறது. அதனால் எழுதிவிட்டேன்.

எது கெதியான வழி?

இரண்டு கொம்பியூட்டரும் பக்கத்தில் இருந்தால் ஒரு லான் வயரை (கொம்பியூட்டர்களை வலையமைப்பாக இணைக்கும் வயர்) எடுத்து நேரே தொடுங்கள். என் அனுபவத்தில் இதைவிட நிம்மதியான வழி இல்லை.

கணக்கைப் பாருங்கள். இரண்டிலும் கிகாபிட் லான் இருந்தால் நொடிக்கு 110 எம்பி அளவில் ஓடும். 500 ஜிபி ஒன்றேகால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பழைய 100 மெகாபிட் லான் என்றால் நொடிக்கு 11 எம்பிதான். அதே 500 ஜிபிக்குப் பன்னிரண்டரை மணித்தியாலம் வேண்டும். யூஎஸ்பி 2 துளையில் ஹாட் டிஸ்கைப் போட்டால் நொடிக்கு 35 எம்பி, அதாவது நாலு மணித்தியாலம். அதுவும் ஏற்றுவதற்கு மட்டும். மற்றப் பக்கத்தில் இறக்க இன்னொரு நாலு.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வயரின் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், கோப்பின் அளவை மெகாபைட்டில் சொல்வார்கள். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100 மெகாபிட் என்று பெட்டியில் போட்டிருந்தால் எட்டால் பிரியுங்கள், பிறகு கொஞ்சம் கழியுங்கள். கிடைப்பதுதான் உண்மையான வேகம்.

ரவுட்டர் இல்லாமல் இரண்டையும் நேரே தொடுக்கலாமா?

தாராளமாக. ரவுட்டரும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். கிகாபிட் துளைகள் எந்தக் கம்பியில் அனுப்புவது, எந்தக் கம்பியில் வாங்குவது என்பதைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். முந்தி இதற்கென்று கம்பிகளை மாற்றிப் பூட்டிய குறோஸ் வயர் தேவைப்பட்டது. மிகப் பழைய 100 மெகாபிட் கொம்பியூட்டர்கள் இரண்டைத் தொடுப்பதென்றால் மட்டும் இன்னும் அது தேவைப்படலாம். கேட்5ஈ வயர் காணும். அது 100 மீற்றர் வரை கிகாபிட் தாங்கும். உங்களுக்கு வேண்டியது மேசைக்கு மேசை ஒன்றரை மீற்றர்.

வயரைப் பூட்டியதும், விண்டோஸின் நெட்வேர்க் செட்டிங்ஸில் இரண்டுக்கும் ஐபி விலாசம் (ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் எண்) கொடுக்கவேண்டும். டெஸ்க்டொப்புக்கு 192.168.50.1, லப்டொப்புக்கு 192.168.50.2. சப்நெட் மாஸ்க் இரண்டிலும் 255.255.255.0. கேட்வே என்ற கட்டத்தை வெறுமையாக விடுங்கள். ஒன்றும் கொடுக்காமல் விட்டாலும் விண்டோஸ் 169.254 என்று தொடங்கும் விலாசத்தைத் தானே எடுத்துக்கொள்ளும், அதிலும் வேலை நடக்கும். ஆனால் நாமே கொடுத்தால் தேடி அலையத் தேவையில்லை.

அடுத்து, டெஸ்க்டொப்பில் ஒரு போல்டரை உருவாக்கி அதை ஷெயார் பண்ணுங்கள். எழுதும் அனுமதியும் கொடுக்கவேண்டும். வாசிக்கும் அனுமதி மட்டும் கொடுத்துவிட்டு ‘ஏன் போகுதில்லை’ என்று போன் எடுப்பவர்கள் வாரத்துக்கு ஒருவர் உண்டு. அப்புறம் லப்டொப்பில் போல்டர் திறக்கும் சாளரத்தின் மேலே உள்ள விலாசக் கட்டத்தில் \\192.168.50.1 என்று அடித்து என்டர் தட்டுங்கள். போல்டர் தெரியும்.

தெரியாவிட்டால் பெரும்பாலும் ஃபயர்வோல்தான் காரணம். ரவுட்டர் இல்லாத இணைப்பை விண்டோஸ் ‘அடையாளம் தெரியாத வலையமைப்பு’ என்று பப்ளிக் வகையில் போட்டுவிடும். பப்ளிக் என்றால் கதவைச் சாத்தி வைத்துவிடும். ஷெயாரிங் செட்டிங்ஸுக்குள் போய், பப்ளிக் பகுதியிலும் கோப்புப் பகிர்வைத் திறந்துவிடுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் மூடுங்கள். திறந்து வைத்துக்கொண்டு பஸ் நிலையத்து வைஃபையில் போய் இருக்கக்கூடாது.

போல்டர் தெரிகிறது, ஆனால் பாஸ்வேர்ட் கேட்கிறது. எதைக் கொடுத்தாலும் ஏற்கவில்லையே?

டெஸ்க்டொப்பின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும்தான் கொடுக்கவேண்டும், லப்டொப்பினுடையதை அல்ல. பாஸ்வேர்டே வைக்காத கணக்கு என்றால் விண்டோஸ் வலையமைப்பு வழியாக உள்ளே விடாது. முகத்தைக் காட்டித் திறக்கும் வசதியும் நாலு இலக்கப் பின் நம்பரும் இங்கே செல்லாது. இதற்கென்று டெஸ்க்டொப்பில் பாஸ்வேர்டுடன் ஒரு தற்காலிகக் கணக்கைத் திறந்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுவதுதான் என் வழக்கம். ஐந்து நிமிட வேலை.

என் லப்டொப்பில் லான் துளையே இல்லை.

இப்போது வரும் மெல்லிய லப்டொப்புகளில் இருக்காது. யூஎஸ்பியில் பூட்டும் லான் அடப்டர் வாங்குங்கள். வாங்கும்போது யூஎஸ்பி 3, கிகாபிட் என்ற இரண்டும் பெட்டியில் இருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். மலிவான அடப்டர்கள் யூஎஸ்பி 2இல் 100 மெகாபிட் ஓடுபவை. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

இரண்டிலும் கிகாபிட்தான், ஆனாலும் வேகம் 11 எம்பியைத் தாண்டவில்லை.

வயரை மாற்றுங்கள். 100 மெகாபிட்டுக்கு நாலு கம்பி காணும், கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். கிகாபிட்டுக்கு மட்டும் வேண்டிய மற்ற நாலில் ஒன்று முனையில் சரியாகப் பிடிக்காவிட்டாலும், நாய் கடித்திருந்தாலும் (சிரிக்கவேண்டாம், என் கடையிலேயே நடந்தது), இணைப்பு அறுந்துபோகாது. சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். அதனால்தான் கண்டுபிடிக்கக் கஷ்டம்.

யூஎஸ்பி முனை இரண்டு பக்கமும் உள்ள வயரால் தொடுக்கலாமா?

வேண்டாம். சாதாரண ஏ-க்கு-ஏ வயரில் இரண்டு பெட்டியின் மின்சாரமும் ஒன்றோடொன்று முட்டும். துளை பழுதாகலாம். இதற்கென்று நடுவில் சிப் வைத்த வயர் தனியாக இருக்கிறது. அதன் விலைக்கு லான் அடப்டரே வாங்கிவிடலாம்.

வைஃபையால் அனுப்பினால் என்ன?

நாலு போட்டோ, ஒரு பாட்டு என்றால் அனுப்புங்கள். லோக்கல்சென்ட் என்ற இலவச மென்பொருள் நல்லது; இன்டர்நெட் டேட்டா செலவாகாது, போனிலிருந்தும் அனுப்பலாம். 400 ஜிபிக்கு வைஃபை சரிவராது. இரண்டு பெட்டியும் ஒரே ரவுட்டரில் வைஃபையால் இருந்தால் ஒவ்வொரு பைட்டும் காற்றில் இரண்டு தரம் போகவேண்டும்: லப்டொப்பிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து டெஸ்க்டொப்புக்கு. வேகம் பாதியாகிவிடும். டெஸ்க்டொப்பை மட்டுமாவது வயரில் போட்டால் அந்தப் பாதி திரும்பக் கிடைக்கும்.

எக்ஸ்டேர்னல் ஹாட் டிஸ்கில் போட்டுக் கொண்டுபோகலாம்தானே?

போகலாம். ஸ்டூடியோ ஓரிடம், வீடு ஓரிடம் என்றால் அதுதான் வழி. யூஎஸ்பி 3 துளையில் போடுங்கள். பெரும்பாலும் உள்ளே நீல நிறமாக இருக்கும். சில டெஸ்க்டொப்புகளில் முன்பக்கத் துளைகள் யூஎஸ்பி 2, பின்பக்கத்தில்தான் 3. குனிந்து பின்னால் பூட்டப் பஞ்சிப்பட்டு நாலு மணித்தியாலம் காத்திருப்பவர்களை என்ன சொல்வது.

‘கோப்பு மிகப் பெரிது’ என்று செய்தி வந்தால் டிஸ்கில் இடம் இல்லை என்று அர்த்தமில்லை. டிஸ்க் ஃபாட்32 என்ற பழைய கோப்பு அடுக்கும் முறையில் இருக்கிறது, அவ்வளவுதான். அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. முழுக் கலியாண வீடியோ ஒரே கோப்பாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். விண்டோஸுக்குள் மட்டும் பாவிப்பதென்றால் என்டிஎஃப்எஸ், மக்புக்கிலும் போடவேண்டுமென்றால் எக்ஸ்ஃபாட் என்று ஃபோர்மட் பண்ணுங்கள். ஃபோர்மட் பண்ணினால் உள்ளே இருப்பது அழியும், முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். எக்ஸ்ஃபாட் டிஸ்கைச் சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கக்கூடாது. என்டிஎஃப்எஸ் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், எக்ஸ்ஃபாட்டுக்கு அந்தப் பொறுமை இல்லை.

இன்னொன்று: சித்திரை, வைகாசி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மெத்தைக்கு மேல் டிஸ்கை வைத்து ஓடவிடாதீர்கள். தொடர்ந்து இரண்டு மணித்தியாலம் எழுதும்போது அது நன்றாகச் சுடும். மேசையில், காற்றாடிக்கு எதிரே வையுங்கள்.

2 டிபி பென் ட்ரைவ் ஒன்று மிக மலிவாகக் கிடைக்கிறதே?

வாங்காதீர்கள். உள்ளே இருப்பது 32 ஜிபியோ 64 ஜிபியோ. கொம்பியூட்டர் கேட்டால் 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் சிப்பை மாற்றி வைத்திருப்பார்கள். கொப்பி பண்ணும்போது பிழை ஒன்றும் காட்டாது. கோப்பின் பெயர், அளவு எல்லாம் சரியாக இருக்கும். திறந்தால்தான் ஒன்றுமில்லை என்பது தெரியும். வாங்கிவிட்டீர்கள் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுதாக எழுதி, திரும்ப வாசித்துப் பார்க்கலாம். குட்டு வெளிப்பட்டுவிடும்.

முதலில் பறக்கிறது, பிறகு ஆமை வேகம். டிஸ்க் பழுதா?

அனேகமாக இல்லை. முதல் சில நொடிகள் காட்டும் வேகம் ரெம்முக்குள் (கொம்பியூட்டரின் தற்காலிக நினைவகம்) போய் விழும் வேகம்; டிஸ்க் உண்மையில் எழுதத் தொடங்கியதும் அதன் சொந்த வேகம் தெரியும். மலிவான எஸ்எஸ்டிகளிலும் இப்படித்தான். முன்னால் ஒரு சின்ன வேகமான பகுதி இருக்கும், அது நிறைந்ததும் விழுந்துவிடும்.

சின்னக் கோப்புகள் இன்னொரு காரணம். 50 ஜிபி வீடியோ ஒன்று ஏழெட்டு நிமிடத்தில் போகும். அதே 50 ஜிபி இருபதாயிரம் போட்டோவாக இருந்தால் அதைவிடக் கூட நேரம் எடுக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் பெயர் பதிவது, இடம் ஒதுக்குவது, மூடுவது என்று தனி வேலை இருக்கிறது. நெல் மூட்டையாக ஏற்றுவதற்கும் சுண்டு சுண்டாக அளந்து ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசம். போட்டோக்களை ஒரு ஸிப் கோப்பாகக் கட்டி அனுப்பலாம். சுருக்கும் அளவைப் பூச்சியமாக வையுங்கள். ஜேபெக் படமும் எம்பி4 வீடியோவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, அதற்குமேல் சுருங்காது, நேரம்தான் வீண்.

பாதியில் கரண்ட் போனால்?

வன்னியில் இந்தக் கேள்வி கேட்காதவர் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. கரண்ட் என்பது வந்து போகிற விருந்தாளி என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. மாரியில் காற்றோடு மழை தொடங்கினால் அந்த எண்ணம் சரியென்றே தோன்றும்.

லப்டொப்பில் பற்றறி இருக்கிறது, தாங்கும். விழுவது டெஸ்க்டொப். முதல் பாதுகாப்பு யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் பற்றறிப் பெட்டி. சின்னது காணும், பத்து நிமிடம் கிடைத்தால் நிறுத்திவிட்டு ஒழுங்காக மூடலாம். ரவுட்டர் வழியாக அனுப்புகிறீர்கள் என்றால் ரவுட்டரையும் யூபிஎஸ்ஸில் பூட்டுங்கள். டெஸ்க்டொப்பை மட்டும் காப்பாற்றி, நடுவில் ரவுட்டர் செத்தாலும் கதை ஒன்றுதான்.

இரண்டாவது பாதுகாப்பு, இழுத்துப் போட்டுக் கொப்பி பண்ணாமல் இருப்பது. கரண்ட் போய்த் திரும்பத் தொடங்கும்போது விண்டோஸ் ‘ஏற்கெனவே உள்ளதை விட்டுவிடவா’ என்று கேட்கும். சரி என்று சொல்வீர்கள். பாதியில் நின்ற கடைசிக் கோப்பும் ‘ஏற்கெனவே உள்ளது’ கணக்கில் போய்விடும். அளவு முழுதாகக் காட்டி, உள்ளே வெறுமையாகக்கூட இருக்கலாம். மாப்பிள்ளை தாலி கட்டும் கோப்பு அதுவாக இருந்தால் அப்புறம் உங்கள் பாடு.

அதற்குப் பதில் ரோபோகாப்பி என்ற கொப்பி பண்ணும் கட்டளையைப் பாவியுங்கள். அது விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக இறக்கத் தேவையில்லை. கறுப்புக் கட்டளைத் திரையில் (cmd) அதன் பெயரை (robocopy) அடித்து, இடம்விட்டு எடுக்கும் போல்டரின் பாதை, இடம்விட்டுச் சேரும் போல்டரின் பாதை. பாதைக்குள் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடவேண்டும். கடைசியில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் சாய்கோடு போட்டு மூன்று ஆங்கிலக் குறிகள் (/E /R:2 /W:5): உள்போல்டர்களையும் எடுக்க ‘இ’, பிழைத்தால் இரண்டு தரம் முயல ‘ஆர்:2’, முயற்சிகளுக்கு நடுவே ஐந்து நொடி பொறுக்க ‘டபிள்யூ:5’. கடைசி இரண்டையும் விட்டால், அது ஒரு பழுதான கோப்புக்காக முப்பது நொடிக்கு ஒரு தரம் பத்து லட்சம் தரம் முயலும். நான் மிகைப்படுத்தவில்லை, அதன் இயல்பான அமைப்பே அதுதான்.

கரண்ட் வந்ததும் அதே கட்டளையைத் திரும்பக் கொடுங்கள். முடிந்தவற்றை விட்டுவிட்டு, அறுந்த கோப்பிலிருந்து தொடரும். ‘எம்ஐஆர்’ என்ற குறியை மட்டும் தெரியாமல் தொடாதீர்கள். அது சேரும் இடத்தை எடுக்கும் இடத்தின் அச்சாக மாற்றும். அங்கே கூடுதலாக இருப்பதை எல்லாம் அழித்துவிடும்.

கறுப்புத் திரை பயம் என்றால் ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருள் நல்லது. அதிலும் ‘மிரர்’ வேண்டாம், ‘அப்டேட்’.

தொடங்குவதற்கு முன், இரண்டு கொம்பியூட்டரும் தூங்காதபடி பவர் செட்டிங்ஸை மாற்றுங்கள். லப்டொப்பின் மூடியையும் மூடாதீர்கள். கரண்டால் நின்ற வேலையைவிட, தூக்கத்தால் நின்ற வேலைதான் என் கடைக்கு அதிகம் வருகிறது.

கட் பண்ணி பேஸ்ட் பண்ணினால் இடமும் மிச்சமாகும்தானே?

இதற்கு மட்டும் நான் கொஞ்சம் கோபமாகவே பதில் சொல்வேன். கொப்பி பண்ணுங்கள், சரிபாருங்கள், ஒரு கிழமை பொறுங்கள், பிறகு அழியுங்கள். கட் பண்ணாதீர்கள்.

ஒரு டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்குக் கட் பண்ணும்போது ஒவ்வொரு கோப்பும் போய்ச் சேர்ந்ததும் மூலம் அழிக்கப்படுகிறது. பாதியில் நின்றால் பாதி இங்கே, பாதி அங்கே. போய்ச் சேர்ந்தது பழுதான டிஸ்க் என்றால் அதுவும் இல்லை. ஒரு தரம் நானே இதைச் செய்தேன், ஒரு சாமத்தியவீட்டு வீடியோவில். அந்தத் தாயிடம் போய்ச் சொன்ன நாளை மறக்கமாட்டேன்.

வன்னியில் இதற்கு வேறொரு பாரமும் இருக்கிறது. 2009க்கு முந்திய படங்கள் பல வீடுகளில் இல்லை. இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை போனவர்கள் அல்பங்களை எங்கே விட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. பொலித்தீன் பையில் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவந்த நாலைந்து படங்களை ஸ்கேன் பண்ணக் கொண்டுவருவார்கள். ஈரம் பட்டு, முகம் பாதி அழிந்திருக்கும். அப்படிப்பட்ட படத்தின் ஒரே கொப்பி உங்கள் லப்டொப்பில் இருக்கலாம். அதைக் கட் பண்ணப்போகிறீர்களா?

எல்லாம் சரியாக வந்துசேர்ந்ததா என்று எப்படித் தெரியும்?

இரண்டு பக்கத்துப் போல்டரிலும் ப்ரொபர்ட்டீஸ் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையையும் பைட் கணக்கையும் ஒப்பிடுங்கள். ‘சைஸ்’ என்பதைப் பாருங்கள். ‘சைஸ் ஒன் டிஸ்க்’ டிஸ்குக்கு டிஸ்க் மாறும், அதைப் பார்த்துப் பதறவேண்டாம். 1 டிபி டிஸ்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவதும் அப்படித்தான்; ஆயிரத்தால் எண்ணுவதற்கும் 1024ஆல் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம், யாரும் களவெடுக்கவில்லை.

எண்ணிக்கை சரியென்றால் உள்ளடக்கமும் சரியென்று உறுதியில்லை. டெராகாப்பி என்ற மென்பொருளில் ‘வெரிஃபை’ உண்டு. இரண்டு பக்கத்தையும் திரும்ப வாசித்து ஒப்பிடும். கூலிக்குச் செய்யும் வேலை என்றால் கட்டாயம் செய்யுங்கள். வீட்டு வேலை என்றால் நாலைந்து பெரிய வீடியோவைத் திறந்து முதல், நடு, கடைசி என்று ஓடவிட்டுப் பார்த்தால் ஓரளவு போதும்.

லப்டொப் ஓன் ஆகவே இல்லை. உள்ளே இருப்பதை எடுக்கலாமா?

திரையோ போர்டோ பழுதென்றால் பெரும்பாலும் எடுக்கலாம். டிஸ்கைக் கழற்றி, அதற்கேற்ற யூஎஸ்பி அடப்டரில் பூட்டி டெஸ்க்டொப்பில் போடவேண்டும். இரண்டரை அங்குல லப்டொப் டிஸ்க் யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும். மூன்றரை அங்குல டெஸ்க்டொப் டிஸ்குக்குத் தனிப் பவர் வேண்டும். டிஸ்கிலிருந்து ‘டிக் டிக்’ சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள், ஓட ஓடச் சேதம் கூடும்.

புது லப்டொப்புகளில் பிட்லொக்கர் பூட்டு இருக்கக்கூடும். வேறு பெட்டியில் போட்டால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமித்திருந்தால் அங்கே போய் எடுக்கலாம். இல்லாவிட்டால் என்னால் மட்டுமில்லை, யாராலும் திறக்க முடியாது. லப்டொப் நன்றாக இருக்கும்போதே அந்தச் சாவியை அப்பியாசக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

மக்புக்?

என்டிஎஃப்எஸ் டிஸ்கை வாசிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபாட்டில் போடுங்கள். லான் வயர் வழி மேலே சொன்னதுதான். ஃபைண்டரில் விண்டோஸ் பெட்டியின் விலாசத்தைக் கொடுத்தால் போல்டர் திறக்கும்.

டெஸ்க்டொப் யாழ்ப்பாணத்தில், லப்டொப் இங்கே. இன்டர்நெட்டால் அனுப்பவா, பஸ்ஸில் அனுப்பவா?

2 டிபி என்று வைப்போம். அனுப்பும் வேகம் 10 மெகாபிட் என்றால் இரவு பகல் நிற்காமல் பதினெட்டரை நாள். டிஸ்கைப் பஸ்ஸில் போட்டால் ஏ9ஆல் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். கணக்குப் பார்த்தால் நொடிக்கு 277 எம்பி. கிகாபிட் லானைவிட யாழ்ப்பாண பஸ் இரண்டு மடங்குக்கு மேல் கெதியானது! டிஸ்கில் ஏற்றி இறக்கும் நேரத்தைச் சேர்த்தாலும் அன்றைக்கே முடிந்துவிடும். 5 ஜிபிக்குக் குறைந்தால் இன்டர்நெட்.

அனுப்புவது கொப்பியாக இருக்கட்டும். ‘திறந்து பார்த்தேன், சரி’ என்று அங்கிருந்து போன் வரும்வரை இங்கே எதையும் அழிக்கவேண்டாம். வாடிக்கையாளர் வீடியோ என்றால் டிஸ்கைப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டுங்கள். பழைய துவாயில் சுற்றி, கடினமான பெட்டியில் வையுங்கள். பெயரையும் போன் நம்பரையும் டிஸ்கிலேயே ஒட்டுங்கள், பெட்டியில் மட்டும் ஒட்டினால் பெட்டி கிழிந்ததும் போய்விடும். கொண்டக்டரிடம் கொம்பியூட்டர் சாமான் என்று சொல்லி, அவருடைய சீட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெங்காய மூட்டைக்குக் கீழேதான் போகும்.